தறிக்குழியில் தெள்ளுப்பூச்சி

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். வெறும் எழுத்தில் அல்ல. நேரில் போய், வரிசையில் நின்று, படியேறித் தொட்டே சொன்னேன். பல்லி மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. பின்னால் நின்ற அம்மாள்தான், "தொட்டுட்டு எறங்குங்க பெரியவரே, பல்லியாண்ட இன்னா கதை பேசிக்கினு நிக்கிறீங்க?" என்றார்.

கதை பிறந்த இடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் இடது கணுக்கால். எதிர்வீட்டு நெசவாளி தனசேகரன் வீட்டுக்குப் பேப்பர் படிக்கப் போனவன், தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். தலைப்புச் செய்தியை முடிப்பதற்குள் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புக் கொலுசு போட்டதுபோல் புள்ளிகள். கடித்தவை தெள்ளுப்பூச்சிகள். அவற்றைக் குடிவைத்தது புட்டா என்கிற பூனை. வெள்ளை உடம்பில் வட்டம் வட்டமாகக் கறுப்பு. புடவை உடலில் நெய்கிற புட்டாக்களைப்போல இருந்ததால் அந்தப் பெயர்.

வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கோபுரங்களின் மேல் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை..."

அடித்துவிட்டேன். கதிரவனுக்கும் தெள்ளுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "தெள்ளுப்பூச்சி என்பது இறக்கையற்ற, ஆனால் வெகு உயரம் தாவக்கூடிய..."

இதைப் படித்தால் எனக்கே பரீட்சை ஞாபகம் வருகிறது.

மூன்றாவது இது:

"ஒண்ணு இந்த வூட்ல அந்தப் பூனை இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்!" என்று கத்தினார் தனசேகரன்.

"அவசரப்படுத்தாதீங்க. யோசிச்சுதான் சொல்ல முடியும்" என்றாள் அவர் மனைவி காந்தா.

இதுவே இருக்கட்டும். இனி நான் கொஞ்சம் ஒதுங்கி நின்று, காந்தாவின் பக்கம் போய்க்கொள்கிறேன். அவளுக்குத்தான் இழப்பதற்கு ஒன்று இருந்தது.

தறியில் இருந்தது கல்யாணப் புடவை. முசரவாக்கத்துப் பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. தனசேகரன் குழிக்குள் காலைவிட்டு மிதிக்கட்டையை மிதித்தால்தான் நூல் மேலும் கீழும் பிரியும், குறுக்கு நூலோடு நாடா ஓடும். அந்தக் காலைத்தான் தெள்ளுகள் பந்தி போட்டுச் சாப்பிட்டன. கடித்த இடத்தை ஒரு கால் இன்னொரு காலால் சொறியப் போகும். மிதி தப்பும். கரையில் ஒரு வரி பிசகும். பிரித்து மறுபடி நெய்ய வேண்டும்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள தெள்ளு போவலைன்னா, பூனையக் கோணியில போட்டு ஓரிக்கை பாலாத்தாண்ட வுட்டுட்டு வந்துருவேன். அப்புறம் அழுதுக்கினு நிக்காத" என்றார் தனசேகரன்.

காந்தா ராட்டையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே இருக்க, சாயங்காலம் பூராவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு தடவைகூட டீ கேட்காத ஒரே ஜீவன் அந்த வீட்டில் புட்டாதான்.

3

தெள்ளுகளின் புத்திசாலித்தனத்தை இந்த இடத்தில் பதிவுசெய்வது என் கடமை. நாலைந்து நாளிலேயே அவை தறியின் தாளத்தைக் கற்றுக்கொண்டன. தனசேகரனின் இடது கால் அழுத்தும்போது வலது காலைக் கடித்தன. வலது அழுத்தும்போது இடது. அவர் டீ குடிக்க எழுந்துபோனால் அவையும் ஓய்வெடுத்தன. அமாவாசைக்கு விடுமுறை.*

[* நம்பாதவர்கள் தங்கள் சொந்தக் காலைக் குழிக்குள் விட்டுப் பார்க்கலாம். எனக்குப் பொய் சொல்லி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.]

காந்தா சும்மா இருக்கவில்லை. உடைந்துபோன பழைய தறி அச்சு ஒன்றை எடுத்து, அதன் நெருக்கமான பற்களால் பூனையின் ரோமத்தை...

இல்லை. இதை எழுதிவிட்டு வெகுநேரம் பெருமையாக இருந்தேன். நெசவாளி வீட்டுப் பூனைக்கு நெசவு அச்சே சீப்பு! ஆனால் அச்சில் ரோமம் மாட்டினால் பூனை காந்தாவின் முகத்தைப் பிறாண்டிவிடும். சாதாரணப் பேன்சீப்புதான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். கழுத்திலிருந்து வால்வரை மெதுவாகச் சீவி, சீப்பில் சிக்கியதைக் கிண்ணத்தில் முக்கினாள். மிளகுத்தூள்போல் உதிர்ந்த கறுப்பை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தாள். சிவப்பாகக் கசிந்தது.

"ஐய, இது அழுக்கில்ல, ரத்தம்! உன்னைத் தின்னுட்டு, உன் மேலயே கழிஞ்சு வெச்சிக்கீதுங்க பாரு" என்றாள் பூனையிடம். புட்டா கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு அந்தச் சீப்புதான் சொர்க்கம்.

பூனை படுத்த சாக்கு, துணி, பாய் எல்லாவற்றையும் கொதிநீரில் அலசிக் காயப்போட்டாள். வீட்டை மூலைமுடுக்கு விடாமல் பெருக்கினாள். மறுநாள் பார்த்தால் பூனை மேல் பழையபடி தெள்ளு.

எல்லா இடத்தையும் பெருக்கினாள் என்றேன். ஓர் இடம் நீங்கலாக. கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது குழிக்குள் துடைப்பம் வைப்பது தனசேகரன் வீட்டில் வழக்கமில்லை. புடவையை அறுத்து இறக்கிய பிறகுதான் குழியைச் சுத்தம் செய்வார்கள். அதனால் அப்படி ஓர் இடம் இருப்பதே அவள் கண்ணில் படவில்லை.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். இருப்பதோ சத்யராஜ். பக்கத்து வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன், கேட்காமலே உதவி செய்கிறவன். இவனை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்ய முடியும் என்று எனக்கே சந்தேகம். இரண்டு தடவை மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதும் நல்லவனாகவே தெரிந்தான். அப்புறம்தான் புரிந்தது, இந்தக் கதைக்கு நல்லவனே போதும்.

வியாழக்கிழமை காலை ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தான்.

"அண்ணி, இன்னாத்துக்கு இப்டி பேன் பாத்துக்கினு உக்காந்துக்கீறீங்க? எங்க டைகருக்குப் போட்ட மருந்து இது. கழுத்தாண்ட ஊத்தி வுட்டேன், மறுநாளே ஒரு தெள்ளு இல்ல."

"டைகரு நாயாச்சேப்பா?"

"நாயக் கடிக்கிற தெள்ளுதான பூனையவும் கடிக்குது? அதுக்கின்னா ஆளு பாத்து சாவத் தெரியுமா?"

உள்ளிருந்து தனசேகரனின் குரல்: "போட்டுத் தொலையேன். நாளைக்கு அவங்க வராங்கன்றது ஞாபகம் இருக்குதா?"

காந்தா புட்டாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிடரி ரோமத்தைப் பிரித்தாள். குப்பியைச் சாய்த்தாள். முதல் துளி நுனியில் திரண்டு, கனத்து, விழுந்த...

விழவில்லை. நிறுத்திவிட்டேன்.

என்னிடம் இதற்கு இன்னொரு பிரதி இருக்கிறது. அதில் துளி விழுந்தது. மாலைக்குள் புட்டாவின் உடம்பு நடுங்கியது, வாயில் நுரை வந்தது, கால்கள் இழுத்துக்கொண்டன. அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. அந்தத் தாளை மடித்து, மேசை கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்திருக்கிறேன்.

இந்தப் பிரதியில் காந்தாவின் கண் பெட்டியின் மேல் போனது.

"இது இன்னாப்பா, பூனைப் படம் போட்டுக்கீது?"

"அதான் அண்ணி! பூனைக்கும் போடலாம்னு அர்த்தம்."

"படத்து மேல குறுக்கால கோடு அடிச்சிக்கீதே?"

சத்யராஜ் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பிரிண்ட்டு சரியில்ல" என்றான்.

காந்தாவுக்குக் கோட்டைப் பற்றித் தெரியும். புடவை டிசைனுக்கான வரைபடத்தாளில் ஒரு கட்டத்தின் மேல் கோடு அடித்திருந்தால் அந்த இடத்தில் ஜரிகை போகாது. கோடு அடித்த இடத்தில் போட்டால் புடவை போச்சு. குப்பியை மூடினாள்.

"ஆட்டோவ எடு" என்றாள்.

5

ஏனாத்தூர் போகிற சாலையில் சின்ன மருத்துவமனை ஒன்று. டாக்டர் ஏலவார்குழலிக்கு முப்பது வயது இருக்கும். காந்தா நீட்டிய பெட்டியைப் பார்த்ததும் பூனையைத்தான் முதலில் தூக்கிப் பிடரியை முகர்ந்தாள்.

"இதைப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. போடப் போனேன்."

"நல்ல வேளை. இதுல பெர்மெத்ரின் இருக்கும்மா. நாய் உடம்பு தாங்கிடும். பூனைக்கு அது விஷம். நரம்பு இழுத்துக்கும், உயிரே போயிடும். தெரியாம ஊத்திட்டா உடனே பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுக் கழுவிட்டு, ஒரு நிமிஷம் தாமதிக்காம தூக்கிட்டு வந்துடணும்."

சத்யராஜ் வாசலுக்குப் போய் ஆட்டோ சரியாக நிற்கிறதா என்று பார்த்தான். ஆட்டோ சரியாகத்தான் நின்றது. அவன் திரும்பி உள்ளே வரவில்லை.

"வேப்பெண்ணெய் தடவலாங்களா?" காந்தா கேட்டாள். "கற்பூரம் நுணுக்கிப் போட்டா போயிடும்னு சொல்றாங்களே."

"ரெண்டும் வேணாம். பூனை தன் உடம்பைத் தானே நக்கும். நீங்க மேல தடவுறது எல்லாம் வயித்துக்குள்ளதான் போகும்."

தராசில் புட்டாவை நிறுத்தி, அந்த எடைக்கு ஏற்ற பூனை மருந்தை, நாக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் பிடரியில் டாக்டரே விட்டாள். பிறகு எதையோ எழுதிக்கொண்டே கேட்டாள்: "பூனை மேல இருக்கறது கொஞ்சம்தாம்மா. முட்டையும் புழுவும் அது படுக்கற இடத்துலதான் கெடக்கும். எங்க படுக்குது?"

"சாக்குல. அத வெந்நீர்ல போட்டு அலசிட்டேன்."

"பகல்ல?"

காந்தா மெல்லச் சொன்னாள்: "குழியில. அவரு கால் பக்கத்துல."

6

வீட்டுக்கு வந்ததும் காந்தா துடைப்பத்தை எடுத்தாள். தனசேகரன் குழியிலிருந்து காலை வெளியே எடுத்து, விளிம்பில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"பொடவை தறியில இருக்குது. தூசி எழும்பி ஜரிகையில உக்காந்துச்சுன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க முன்னால நிப்பேன்?"

"டாக்டரம்மா தண்ணி தெளிச்சு அள்ளச் சொல்லிச்சு. மேல வேட்டி போட்டு மூடிக்கலாம். ஸ்ப்ரே கிப்ரே எதுவும் வேணாமாம்."

"எங்கப்பா காலத்துலருந்து இந்த வூட்ல..."

"உங்கப்பா காலத்துல பூனை இருந்துச்சா?"

"இல்ல. அதான சொல்றேன்!"

"குழிய வாராம உட்டா எத்தன தடவை மருந்து போட்டாலும் மறுபடி வரும். வாரினாலும் சட்னு நிக்காதாம், புழு கட்டுன கூட்டுக்குள்ள இருக்கறது கொஞ்ச நாளைக்கு வந்துக்கினுதான் இருக்குமாம். அதுவரைக்கும் இதப் பாலாத்துல உடறேன்னு சொல்லாதீங்க. அப்பிடி உடறதுன்னா நானும் கூடப் போறேன். தார் சுத்த ஆள் பாத்துக்கோங்க."

அவள் குரல் உயரவில்லை. தனசேகரன் நிமிர்ந்து பார்த்தார். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் இத்தனை பேசி அவர் கேட்டதில்லை. [இது கொஞ்சம் மிகை. போன தீபாவளிக்குப் பேசினாள்.]

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் தனசேகரன் தானே குழிக்குள் இறங்கி, புழுதியை வாரி, பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். சர்க்கரை அதிகம். என் டாக்டர் எனக்கு அதைத் தடைசெய்திருக்கிறார்.

இன்னொன்றில் கோணி ஆட்டோவில் ஏறுகிறது. எழுதி முடித்ததும் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்தேன்.

மூன்றாவதில், தெள்ளுக்கடியால் பிசகிய கரையைப் பார்த்து முசரவாக்கத்துப் பெண் சொக்கிப்போய், "இந்த டிசைன்லயே எல்லாருக்கும் வேணும்" என்கிறாள். ஊரெங்கும் அது பரவி, நெசவாளர்கள் தெள்ளு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆகவே அவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். தனசேகரன் குழி விளிம்பில். அவர் கையில் ஒரு பழைய வேட்டி, விரித்தால் புடவையை மூடும் அளவு பெரியது. இன்னும் விரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை. காந்தா துடைப்பத்தோடு எதிரே. வாயைத் திறந்து கிடக்கும் கோணிக்குள் புட்டா தானாகவே புகுந்து, சுருண்டு, தூங்கிவிட்டது. வெளியே சத்யராஜ் ஆட்டோவை அணைக்காமல் காத்திருக்கிறான், எந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும் என்று தெரியாமல். முதலில் அசையப்போவது யார் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் வீட்டில் ஒரு ஜீவன் இருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியும்.