மவ்சிம்

அரபு நாட்டுச் சூர் துறைமுகத்துக் கப்பல் தலைவன் கல்ஃபான், "மவ்சிம் வந்ததும் வந்துடுறேன்" என்று மனைவி ஸுவைனாவிடம் சொல்லிவிட்டுப் போனவன். அவர்கள் பேச்சில் மவ்சிம் என்றால் கப்பல்கள் வீடு திரும்பும் பருவம். எத்தனையோ மவ்சிம் வந்து போயின, அவன் வரவில்லை.

ஒருமுறை கடல் கொந்தளித்த மாதத்தில் கரையொதுங்கிய ஆங்கில மாலுமி ஒருவனை அவள் தம்பி ஹம்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தான். பேரீச்சம்பழத்தைத் தின்றபடியே மாலுமி அரைகுறை அரபியில் சொன்னான்: "மான்சூன் எங்க கப்பலை உடைச்சிடுச்சு."

"அது என்னய்யா பேரு?" என்று சிரித்தான் ஹம்தான்.

"உங்க மவ்சிம்தான்பா! போர்ச்சுகல்காரன் வாயில உருண்டு எங்ககிட்ட வந்துச்சு. நாங்க இந்தக் காத்துக்கும் மழைக்கும் அதைத்தான் சொல்றோம்."

ஸுவைனா கையிலிருந்த காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். புருஷன் திரும்பும் காலத்தின் பேரை, அவனை விழுங்கிய காற்றுக்கா வைத்திருக்கிறார்கள்?

அன்று மாலை தென்மேற்குக் காற்று கதவை அறைந்து திறந்தது. ஊரில் ஒரு சொட்டு மழையில்லை. ஆனாலும் வாசலிலிருந்து அடுப்படிவரை ஈரக் கால்தடங்கள் பதிந்திருந்தன.

"அக்கா, யாரு வந்தது?" என்று கேட்டான் ஹம்தான்.

அவள் தடங்களை மிதிக்காமல் நடந்துபோய், கடைசித் தடத்தின் பக்கத்தில் உலர்ந்த துணியொன்றை வைத்தாள்.

"தலையைத் துவட்டிக்குங்க" என்றாள்.