அமலோற்பவத்தின் இடுப்பு

செங்குளம்பட்டியில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏறுகிற எடை, பக்கத்தில் நின்று மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரின் உடம்பிலிருந்துதான் போகும். வேறு எங்கிருந்து வரும்? அதனால் சுகாதார நிலையத்தில் தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது படிப்பைக் கேட்பதில்லை. நர்ஸ் ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அமலோற்பவத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

தெருவில் எல்லோரும் அவளுடைய சேவை மனப்பான்மையை மெச்சினார்கள். அமலோற்பவத்துக்கு மட்டும் உண்மை தெரியும். அக்கா மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை அவளுக்குச் சேரவில்லை. பிரித்துத் தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் போய் நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. சேவை செய்வது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

அவளுக்கு ஒப்படைக்கப்பட்டவன் செல்லாண்டி, வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இருமி இருமி, கொடியில் காயும் சட்டை மாதிரி ஆகியிருந்தான். தினமும் காலையில் அவள் போய் நிற்பாள். அவன் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவான். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. அவனுக்கு உடம்பு தேறியது. அவளுக்கு ரவிக்கை சேர்ந்தது. மாதா கோயிலில் செல்லாண்டியின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றி, தன் இடுப்புக்காக நன்றி சொன்னாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அது அவளுக்கே தெரியும்.

கல்யாணத்துக்குப் போகும்போது நாலு நாள் மாத்திரையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே, “சம்மதமா?” என்று ஃபாதர் மணப்பெண்ணைக் கேட்ட நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். அமலோற்பவத்தின் ரவிக்கையில் முதல் கொக்கி. அடுத்ததும் தெறித்தது.

“படுபாவி, மாத்திரைய நிறுத்திட்டான்” என்றாள் அக்காவிடம்.

அக்கா தன் முந்தானை ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். “இப்ப ஒரு பஸ் இருக்கு, ஓடு.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இடுப்பு திரும்பி வந்துகொண்டே இருந்தது. பாதி தூரம் வரை ரவிக்கைக்காகத்தான் அழுதாள். செல்லாண்டியின் வாசலை நெருங்கியபோது உள்ளேயிருந்து அந்தப் பழைய இருமல் கேட்டது. ரவிக்கை மறந்துபோனது. இவன் செத்துப்போவான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏன்டா நிறுத்துன?”

செல்லாண்டி சுவரைப் பார்த்தான். “நல்லாயிருச்சேன்னு மண்டிக்குப் போனேங்க்கா. நடந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. ‘அமலோற்பவம் வருது’ங்கிறாங்க. எடை பூராவும் இடுப்புலதான் ஏறியிருக்கு. உங்க இடுப்பு.”

அவளுக்குச் சுருக்கென்றது. கொடுத்த பொருளைக் குறை சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

“என் இடுப்புக்கு என்னடா குறை? ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் குடம்னு வச்சுக்கிட்டு மேடேறுன இடுப்பு. ஒரு நாளாச்சும் மூட்டைய அதுல வச்சுப் பாத்தியா?”

“இல்லக்கா.”

மூலையில் கிடந்த அரை மூட்டை வெங்காயத்தைத் தூக்கி, அவனிடம் மிச்சமிருந்த இடுப்பில் வைத்தாள். மூட்டை ஆடாமல் உட்கார்ந்தது. செல்லாண்டி வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தான். அவன் விழுங்கி வாயைத் திறந்ததும், அமலோற்பவம் நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். அவள் ரவிக்கையில் ஊசி கொஞ்சம் தளர்ந்தது.

மறுநாள் இருவருமாகப் போய் நர்ஸிடம் திட்டு வாங்கினார்கள். மாத்திரை விடாமல் நடந்தது. மண்டியில் சிரித்தவர்களும் ஒவ்வொருவராக இடுப்பில் மூட்டை வைத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கு நிற்கவில்லை. அமலோற்பவத்தின் ரவிக்கை தொளதொளவென்று ஆனது. ஆனால் போட்டுக்கொண்டு போகத்தான் கல்யாணம் எதுவும் இல்லை.

சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகு செல்லாண்டியும் தன்னார்வலராகப் பேர் கொடுத்தான். நர்ஸ் மேலும் கீழும் பார்த்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அமலோற்பவம் உட்கார்ந்திருந்த டவுன் பஸ்ஸில் ஒரு பெண் ஏறினாள். மெலிந்த கை, யாரென்று தெரியாத முகம். இடுப்பு மட்டும் அமலோற்பவத்துக்குத் தெரிந்தது.

“மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டாள்.

“காலையிலயே செல்லாண்டி அண்ணன் வந்து குடுத்துட்டாருங்க்கா.”

அமலோற்பவம் ஜன்னலோரமாக நகர்ந்தாள். எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.