டெல்பர்ட்டின் மணல்குழி

மருத்துவமனையிலிருந்து லியோனா திரும்பியபோது வீட்டு வாசலில் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. கணவன் டெல்பர்ட் இடுப்பெலும்பு உடைந்து நகரத்தில் படுத்துக் கிடக்கிறான். இன்னொரு இடியைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

ஆனால் எல்லார் முகத்திலும் சிரிப்பு. நெப்ராஸ்காவின் அந்த மணல்மேடுகளில் ஒருவன் படுத்துவிட்டால், கூப்பிடாமலே அக்கம்பக்கம் வந்து அவன் வேலையைச் செய்துவிட்டுப் போகும். நல்ல மனசுக்காரர்களிடமிருந்து யார்தான் தப்பிக்க முடியும்?

"வாங்க மகாராணி!" என்றான் பக்கத்துப் பண்ணை வெர்லின். "வேலி கட்டியாச்சு, கன்னுக்குட்டிக்கெல்லாம் அடையாளச் சூடு போட்டாச்சு. இன்னொண்ணு இருக்கு, அதை நீயே வந்து பாரு."

வடக்கு மேட்டில் ஏறியதும் லியோனா அப்படியே நின்றுவிட்டாள்.

காற்று தோண்டிய, 'டெல்பர்ட்டின் கடற்கரை' என்று ஊர் கேலி பேசும் அந்தப் பெரிய மணல்குழியைக் காணோம். குழி முழுக்க மக்கிய வைக்கோல். அதன்மேல் மாடுகளை ஓட்டி நன்றாக மிதிக்கவும் விட்டிருந்தார்கள்.

"டெல்பர்ட்டோட கடற்கரைய மூடிட்டோம்!" என்றான் வெர்லின். "இனிமே இங்க புல்லு வரும். எவனும் அவனைச் சோம்பேறின்னு சொல்ல முடியாது."

மணல்மேட்டுக்காரனுக்குக் குழி என்றால் மானக்கேடு. மாட்டை அளவில்லாமல் மேயவிட்டவன் நிலத்தில்தான் புல் கிழிந்து குழி விழும் என்பார்கள். டெல்பர்ட்டோ தன் மேய்ச்சலையெல்லாம் கண்ணாகப் பார்த்துக்கொண்டு, அந்த ஒரு குழியை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தான். ஓடுகிற மணலில் மட்டுமே பிழைக்கும் ஒரு ஊதாப்பூச்செடி அங்கே இருந்தது. புல் மூடினால் அது செத்துப்போகும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத செடி. இந்த வசந்தத்தில்தான் குழி நிறைய மொட்டு விட்டிருந்தது. பூத்ததும் முதலில் தனக்குச் சொல்லும்படி லியோனாவிடம் கேட்டிருந்தான்.

லியோனா மண்டியிட்டு வைக்கோலைக் கையால் பறித்தாள். நசுங்கிய தண்டு ஒன்று மொட்டுகளோடு வந்தது. இன்னொரு இடத்தில் பறித்தாள். அங்கேயும் அதே கதி.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

விக்கி விக்கி அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது வெர்லின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் மனைவி ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லியோனா!"

"எப்படிச் சொல்றது? பூவுக்காகக் குழிய காவல் காக்குறான்னு தெரிஞ்சா சும்மா விடுவீங்களா? மாட்டுச்சந்தை முழுக்க அவனை வெச்சு சிரிச்சிருப்பீங்க!"

வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.

"சிரிச்சிருப்போம்," என்றான். "அவன் சாகுற வரைக்கும் சிரிச்சிருப்போம். ஆனா தெரிஞ்சிருந்தா, ஒரு பய அந்தக் குழியில கால் வெச்சிருக்க மாட்டான்."

அது சத்தியமான பேச்சு. லியோனாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.