மூன்று மணி நேரச் செம்பு

“புஷ்ஷைப் போட்டது நீங்க, தேஞ்சு போனது என் வண்டியில—”

“தேயலடா, அரிச்சிருக்கு. கண்ணைத் தொறந்து பாரு—”

“அண்ணி, என்னை முழுசாப் பேச விடுங்க—”

“காலையிலேருந்து நீதான பேசிட்டிருக்க.”

மேசைமேல், அழுக்குத் துணியில் கிடந்தது அந்த புஷ். பிஸ்டனைத் தாங்கும் ‘பின்’ என்கிற எஃகு முளை இதற்குள்தான் ஆடும். செம்பு கலந்த சின்ன வளையம். ஆறு வாரத்துக்கு முன் அண்ணி தன் கையால் பொருத்தியபோது பளபளவென்றிருந்தது. இப்போது அடுப்புக்கரி தோற்றுப்போகும் கறுப்பு.

கொழுந்தன் டாக்சி ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் இருக்கும் ஒன்பது வண்டிகளும் இவள் ஷெட்டுக்கு வருவது அவன் வாய்ச்சொல்லை நம்பித்தான். சாயங்காலம் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாக அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வருஷமாக இஞ்சின் பிரிக்கிறவள் அதற்கெல்லாம் அசருவாளா? எண்ணெய் குறைந்தபோது என்ன ஊற்றினாய் என்று மட்டும் கேட்டாள். அவன் டிக்கியிலிருந்து பெயர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். ரோட்டோரச் சரக்கா என்றாள். இதைவிட நல்ல இடம் ஊரிலேயே கிடையாது என்று அவன் சிரித்தான்.

“சரி, செம்பே சொல்லட்டும்” என்றாள்.

இரண்டு செம்புத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். விரல் ரேகை பட்டாலே கறை விழும் என்று இடுக்கியால்தான் பிடித்தாள். ஒன்று அவள் எண்ணெயில், இன்னொன்று அவன் எண்ணெயில். இரண்டு கிண்ணங்களும் அடுப்பின் மேல், சூடான மணல் தட்டில் ஏறின. மூன்று மணி நேரம்.

“பொரிச்சு எனக்கே பரிமாறப் போறீங்களா?” என்றான் கொழுந்தன். அவனும் அசரவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பின்பக்கம் அலமாரியடியில் அவள் புருஷன் புனல் வைத்து, காலி டின்களில் அடியில் தங்கியிருந்த மிச்சத்தையெல்லாம் ஒரே டப்பாவில் வடித்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வீணானாலும் அவனுக்கு மனசு கேட்காது.

இரண்டாம் மணி நேரத்தில் கொழுந்தனின் எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. கியர் ஆயில் கலந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பல்சக்கரத்துக்கு நல்லது, அதிலுள்ள கந்தகம் சூட்டில் செம்பைத் தின்னும். ஆனாலும் நேரம் முடியட்டும் என்று காத்திருந்தாள். இடுக்கியால் எடுத்தபோது அவள் தகடு புதுசு மாதிரியே இருந்தது. மற்றது கறுப்பு.

“இப்பச் சொல்லு. எவன் குடுத்தான்?”

கொழுந்தன் காலைக் கீழே இறக்கினான். “அண்ணன்தான் அண்ணி. வழியில குறைஞ்சா ஊத்திக்கன்னு, வண்டி எடுக்கறப்ப குடுத்தாரு.”

பின்பக்கம் புனலில் ஊற்றுவது நின்றது. அலமாரியில் கியர் ஆயில் டின்னும் இஞ்சின் ஆயில் டின்னும் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. அவள் கறுத்த தகட்டை இடுக்கியோடு எடுத்துக்கொண்டு போய்ப் புருஷன் முன்னால் நின்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“உங்க தம்பி இஞ்சினை நான் நாளைக்கே சரி பண்ணிடுவேன். ஏங்க, இந்த மாதிரி டப்பா இன்னும் எத்தனை வண்டி டிக்கியில இருக்கு?”