பம்பரத்தின் வண்டிக்கு எந்த என்ஜின்?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் வண்டியின் பிரேக்கைப் பார்க்கக் கொடுத்துவிட்டு ஒரு பணிமனையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சின்னச் சிவப்புக் கார் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே என்ஜின் இல்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி நெடுநெடுவென்று இருந்தாள். இன்னொருத்தி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "எதைப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

"அண்ணி சொல்லட்டும்," என்றாள் குட்டையானவள்.

"அவளே சொல்லட்டும்," என்றாள் நெட்டையானவள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள். இவ்வளவு கோபமாக யாரும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் விட்டுக்கொடுப்பது என்றால் டிவி ரிமோட்டை நீட்டுவதோடு சரி. இவர்களுக்குள் என்னவோ பெரிதாக இருந்திருக்கிறது, அது கெட்டுப்போயிருக்கிறது என்று தோன்றியது. அந்தப் பெரிதின் மேல்தான் எனக்குப் பொறாமை.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

எப்படித் தொடங்குவது?

"என்ஜின் என்பது ஒரு வண்டியின் இதயம்

(நிறுத்திவிட்டேன். இதைச் சொல்லாத ஆளே கிடையாது. மெக்கானிக் மட்டும்தான் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் 'சாமான்'.)

"கண்ணாடிக் கடையில் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிறவளுக்குத் தன்

(இதுவும் வேண்டாம். சாமர்த்தியம் வழிகிறது. ஆனால் தொழில் இருக்கட்டும். குட்டையானவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நெட்டையானவள் ஆஸ்பத்திரியில் பிசியோ, விழுந்து எழுந்தவர்களை நடக்க வைக்கிறவள்.)

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வாங்கிய கார் அது. காலையில் அண்ணி ஓட்டுவாள், நாத்தனாரைக் கடை வாசலில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். மாலையில் அதே வழியில் திரும்புவார்கள். வீட்டில் அவர்கள் பேசுவதெல்லாம் எல்லோர் காதிலும் விழுகிற பேச்சு. காரில் பேசுவதுதான் அவர்களுடைய பேச்சு. நாத்தனார் வேண்டாம் என்று தட்டிக்கழித்த மாப்பிள்ளையைப் பற்றியும், அண்ணி வேலையை விட நினைத்து விடாமல் இருந்ததைப் பற்றியும் அந்த டேஷ்போர்டுக்குத்தான் முதலில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கார் ஆட்டோகிராஸுக்குப் போகும்.*

* தெரியாதவர்களுக்கு: பெரிய காலி மைதானத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு, வளைந்து நெளிந்த பாதை ஒன்று போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கூம்பைச் சாய்த்தால் தண்டனை நேரம் சேரும். நாத்தனார் முதல் நாளே நடு மைதானத்தில் வண்டியோடு சுற்றிச் சுற்றி நின்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் பம்பரம். வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

3

இனி பம்பரத்தின் பக்கத்திலேயே இருக்கிறேன். அவள்தான் அவதிப்படுகிறாள்.

ஒரே காரை இரண்டு பேர் ஓட்டும்போது நடுவில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். ஹெல்மெட்டை மாட்டவும் பெல்ட்டைப் போடவுமே சரியாக இருக்கும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவள் சீட்டைத் தொடமாட்டாள். இறங்குகிறவள்தான் அடுத்தவளின் உயரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளினால் போதாது, டக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தையும் கேட்க வேண்டும். ஒருவர் இடத்தை இன்னொருவர் சரிசெய்து கொடுப்பது மூன்று வருஷமாக ஒரு தடவையும் தவறவில்லை.

போன மாதம் பம்பரம் தன் வாழ்நாளிலேயே சிறந்த நேரத்தை ஓட்டிவிட்டு இறங்கினாள். சீட்டைப் பின்னால் தள்ளினாள். பலகையில் தன் நேரம் விழுவதைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். சத்தம் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அண்ணி ஏறி, கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பாதையின் நேரான துண்டில் அண்ணி இரண்டாவது கியரை முழுக்க முறுக்கி, மூன்றாவதுக்குப் போகக் கிளட்சை மிதித்தாள். மிதித்த வேகத்தில் சீட் பின்னால் வழுக்கியது. எட்டிப் பிடித்த கையில் கியர்க்கம்பி குறுக்கே போகாமல் நேரே முன்னால் போய் முதல் கியரில் விழுந்தது. அந்த வேகத்தில் முதல் கியர் விழுந்தால் சக்கரம் என்ஜினைப் பிடித்துச் சுழற்றும். என்ஜின் தாங்கக்கூடிய சுற்றெல்லாம் தாண்டிப்போய், உள்ளே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன. அண்ணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டி புகைகூட விடவில்லை. சும்மா நின்றுவிட்டது.

பம்பரம் கூம்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்தபோது அண்ணி சீட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

4

எனக்கு என்ஜின் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதைக்காக மெக்கானிக்கின் உயிரை எடுத்துவிட்டேன். பழையதைப் பிரித்துச் செப்பனிடலாமா என்றதற்கு, "பண்ணலாம். நீங்க தாத்தா ஆகறதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்," என்றார். ஆகவே இரண்டே வழி.

ஒன்று, விபத்தில் பின்பக்கம் நசுங்கிய இதே மாதிரிக் கார் ஒன்றிலிருந்து எடுத்த அதே சின்ன என்ஜின். அப்படியே உட்காரும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். காலை நெரிசலில் ஊர்ந்து போக இதைவிட நல்லது கிடையாது. மூக்கு லேசாக இருப்பதால் வளைவில் சொன்ன இடத்தில் திரும்பும். ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கொட்டாவி விடும். என்ஜின் அளவை வைத்துப் பிரிக்கிற போட்டியில் பழைய பிரிவிலேயே இருக்கலாம்.

இரண்டு, அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து வரும் பெரிய என்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும். அதற்கு என்ஜினை உட்கார வைக்கும் தாங்கிகளை மாற்ற வேண்டும், வயரிங்கை மாற்ற வேண்டும், கியர்பாக்ஸும் கூடவே வரும். மூக்கு கனத்துப்போகும். இறுக்கமான வளைவில் வண்டி நேரே போகவே அடம்பிடிக்கும். கிளட்ச் கனம். நெரிசலில் அண்ணியின் இடது முழங்கால் அழும். பிரிவும் மாறும். போட்டிக்கென்றே தனி வண்டி வைத்து, அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிற ஆட்களோடு மோத வேண்டும்.

மெக்கானிக் பெரியதையே போடச் சொன்னார். காரணம் கேட்டேன். "இதுவரைக்கும் போட்டதில்ல சார். போட்டுப் பாக்கணும்னு ஆசை," என்றார். இவரை ஞானியாக்க நினைத்திருந்தேன். அவரே கதையைக் காப்பாற்றிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பம்பரம் சின்னதைப் போடச் சொல்கிறாள். அது அவளுக்குப் பிடித்திருப்பதால் அல்ல. "அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே வண்டி வேணும்," என்கிறாள். அதாவது, தான் இனி ஞாயிற்றுக்கிழமை வருவதாக இல்லை. காலையில் அந்தக் காரில் ஏறுவதாகவும் இல்லை. பஸ் பாஸ் எடுத்துவிட்டாள்.

அண்ணி பெரியதைப் போடச் சொல்கிறாள். அவளுக்கும் அது வேண்டியதில்லை. "அவ ஓட்டறதுக்கு அதான் சரி," என்கிறாள். தூண்டிலில் பெரிய என்ஜினை மாட்டி நாத்தனாரைப் பிடிக்கப் பார்க்கிறாள்.

ஆக, இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டாத என்ஜினுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறார்கள். போகப்போவது என்ஜின் இல்லை. ஒரு சிநேகிதம்.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணன். அண்ணியின் கணவன், பம்பரத்தின் கூடப்பிறந்தவன். முதல் பிரதியில் இருந்தான், இரண்டாவதில் தூக்கிவிட்டேன். சாதுவான மனுஷன். வண்டியில் எந்தப் பக்கம் பெட்ரோல் போடுவது என்றுகூடத் தெரியாது. இவனால் கதைக்கு என்ன பயன்?

பிறகுதான் புரிந்தது, கெடுத்தவனே இவன்தான். நல்லெண்ணத்தால் கெடுத்தவன். சாப்பாட்டு மேஜையில், மாடிப்படியில், பல் தேய்க்கும்போது என்று எங்கே பம்பரத்தைப் பார்த்தாலும், "விடு, அது யார் தப்பும் இல்ல," என்பான். அம்மாவும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளும் அதையே சொன்னார்கள். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்து, எல்லோரும் தனக்கு ஒரு பொய்யைப் பரிசாகக் கொடுப்பதாகப் பம்பரத்துக்குப் பட்டது. தப்பே இல்லை என்றால் எதற்கு மன்னிப்புக் கேட்பது? யாரிடம் கேட்பது?

அண்ணனைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இனி அவனுக்கு வேலை இல்லை, பல் தேய்க்கட்டும்.

6

சனிக்கிழமை மத்தியானம். மெக்கானிக் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் பதில் சொல்லியாக வேண்டும், பின்பக்கம் நசுங்கிய காரின் என்ஜினை வேறொருவர் கேட்டிருக்கிறார். நிற்க நிழல் இல்லாததால் இருவரும் என்ஜினில்லாத காருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணி ஓட்டும் இடத்தில், பம்பரம் பக்கத்தில். பழக்கம்.

(இங்கே அவர்களை அழவைக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. எடுத்துவிட்டேன்.)

"பஸ் எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் தினமும் என் காலை மிதிக்கிறாரு."

"திட்ட வேண்டியதுதானே?"

"அவரு கண்ணாடி பவர் மாறியிருக்கு அண்ணி. கடைக்கு வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சரி, மெக்கானிக் வந்துடுவாரு. என்ன சொல்லப் போறோம்?"

"சின்னது. நான்தான் சொல்லிட்டேனே."

"நீ வரமாட்டேங்கறதைத்தான் சொல்லிட்டே. என்ஜினைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தையும் பேசலை."

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு என்ன உரிமை இருக்கு பேசறதுக்கு?"

அண்ணி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். நோயாளியின் மடங்கிய முழங்காலை நீட்டும் முன் அவள் இப்படித்தான் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலிக்கும் என்று தெரிந்தே செய்கிற வேலை.

"உன் தப்புதான்," என்றாள்.

பம்பரம் திரும்பினாள்.

"சீட்டை நீ பூட்டலை. சத்தத்தைக் கேக்காம போர்டைப் பார்த்துட்டு நின்னே. உன் தப்புதான். எனக்கு அன்னிக்கே தெரியும். கோவம் வந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. மைதானத்து ஓரக் கம்பத்துல போய் மோதியிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

பம்பரத்துக்கு ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ கைவைத்துத் தூக்கிய மாதிரி இருந்தது. "ஆமா அண்ணி," என்றாள். "என் தப்புதான்."

"ம்."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறேன். அதுக்காகத் தப்பு இல்லைன்னு ஆயிடாது. அடுத்த தடவை சத்தம் கேட்டுட்டு அப்புறம் போர்டைப் பாரு."

அடுத்த தடவை என்ற சொல்லை இரண்டு பேரும் கவனித்தார்கள். யாரும் அதை மறுக்கவில்லை. பம்பரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க அண்ணன் தம்பி யாராவது இப்படி மூஞ்சிக்கு நேரா பேசுவாங்களா?" என்றாள். "அவங்களை ஏன் இழுக்கறே, உங்க அண்ணனையே பாரு," என்றாள் அண்ணி. இருவரும் சிரித்தார்கள். பல் தேய்ப்பவனை நினைத்து நானும் சிரித்தேன்.

7

இப்போது முடிவு.

முதல் முடிவில், இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, அண்ணி சின்னது என்றும் பம்பரம் பெரியது என்றும் மாற்றிச் சொல்கிறார்கள். நாடகத்தில் கைதட்டல் வாங்கும். இங்கே வேண்டாம், இவர்கள் கைதட்டலுக்குப் பேசுகிறவர்கள் இல்லை.

இரண்டாவதில், வண்டியை விற்றுவிட்டு

(இல்லை. என் கை எழுத மறுக்கிறது. கை செய்தது சரி.)

மூன்றாவது இது. மெக்கானிக் சாப்பிட்டுவிட்டு வருகிறார். ஜன்னல் பக்கம் குனிந்து, "அம்மா, என்னதான் சொல்றீங்க?" என்கிறார். அண்ணி பதில் சொல்லாமல் நாத்தனாரைப் பார்க்கிறாள். இந்தத் தடவை முகத்துக்கு நேராகப் பார்க்கிறாள். பம்பரம் யோசிக்கிறாள். அண்ணிக்காக யோசிக்கவில்லை, பிராயச்சித்தமாகவும் யோசிக்கவில்லை. கடைசி வளைவு, மூக்கின் கனம், நெரிசலில் அண்ணியின் முழங்கால், வெளியே வரும்போது மிதித்தால் கிடைக்கும் அந்த உதைப்பு, எல்லாவற்றையும் எடைபோடுகிறாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறாள்:

"அண்ணா, போடுங்க, .................."

அந்தப் புள்ளிகளின் மேல் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டு என்ஜினையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன், உங்களுக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும். சின்னது என்று எழுதினால் மெக்கானிக் முகம் தொங்கும். பெரியது என்று எழுதினால் அண்ணி முழங்காலுக்குத் தைலம் வாங்குவாள்.

ஆனால் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதிலும் கைவைக்காதீர்கள். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் ஒரே காரில் போகிறார்கள். அதை நான் எழுதி முடித்துவிட்டேன்.