மாஸ்டரைத் தொட்டால் மூன்று மாதம் இலவசம்

மாடிப்படிக்குக் கீழே அந்தப் போர்டை வைத்த நாளிலிருந்து சேனாதிபதிக்கு நிம்மதி போயிற்று. போர்டில் அவன் படம். கையில் கம்பு, முகத்தில் முறைப்பு. படத்துக்குக் கீழே, ‘மாஸ்டரைத் தொட்டால் மூணு மாசம் ஃப்ரீ! இதுவரை யாரும் தொட்டதில்லை!’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. சீசனுக்குக் கொடைக்கானல் வருகிற கூட்டம் ஏரியைச் சுற்றிவிட்டு, சோளக்கருது தின்றுவிட்டு, வேறு சோலி இல்லாமல் மாடியேறி வந்து கம்பால் அவனைக் குத்திப் பார்த்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்தான் சேனாதிபதி. பார்க்கிற வேலை என்னவோ திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் பலூனாக நிற்கிற வேலை.

யோசனை ஜிம் முதலாளி மனோஜ்குமாருடையது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது, அவனுக்கும் ஆயிரம் பாடு. ஓடுகிற மிஷின், மிதிக்கிற மிஷின் எல்லாம் வாங்கிப் போட்டும் ஆள் சேராமல், ‘சிலம்பம் ஃபிட்னஸ்’ என்று ஆரம்பித்தான். காலையில் ஹோம்ஸ்டே நடத்துகிற பெண்களும், பெங்களூர் வேலையை இங்கே ரூம் எடுத்துப் பார்க்கிற பிள்ளைகளும் வந்தார்கள். காதைக் கிழிக்கிற பாட்டு. அதன் தாளத்துக்குக் கம்பு சுற்ற வேண்டும். கூரை தாழ்வு என்று எல்லாக் கம்பிலும் ஒரு சாண் வெட்டியாகிவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஓங்கி வீசக் கூடாது. வேர்க்க வேண்டும், வலிக்கக் கூடாது, அவ்வளவுதான் பாடம். சேனாதிபதி இதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேரட் மூட்டை தூக்கினவனுக்கு இது தேவலை. தாளத்துக்குச் சுற்று என்றால் சுற்றிவிட்டுப் போகிறான்.

போர்டு வேலைதான் அவனை உருக்குலைத்தது. மத்தியானச் சோறு இறங்குவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்கள் கும்பலாக வந்து, ஒருத்தனை ஒருத்தன் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவன் பெண்டாட்டி பார்க்கிறாளே என்று மூச்சு முட்ட வீசுவான். வீடியோவில் படித்துவிட்டு வந்தவன் எகிறிக் குதிப்பான். யார் எப்படி வந்தாலும் சேனாதிபதியின் கை தானாகப் போய்த் தடுத்தது. கை மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் ஓய்ந்து போயிருந்தது. வலது முழங்காலில் சவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியாயிற்று. மடக்கினால் நறநறவென்றது. மனோஜ்குமாரிடம் அதைச் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வேறு மாஸ்டரின் படம் போர்டில் ஏறிவிடும்.

பேத்துப்பாறைக்குப் போகிற சாயங்கால பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போய் இறங்கி, வீட்டுக்கு நொண்டி நடப்பான். பெண்டாட்டி ராஜேஸ்வரி பூண்டுக் காட்டில் கூலிக்குப் போய்விட்டு வந்த கையோடு, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள்.

“ரிசார்ட்டுக்காரங்க சேர்த்துக்கிட்டா இந்தக் கருமமெல்லாம் வேண்டாம்ங்க,” என்பாள். “அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லுங்க.”

எல்லாம் அந்த ரிசார்ட்டுக்காகத்தான். ஏரிக்கு மேற்கே புதுசாக வந்த ரிசார்ட் அது. மேனேஜர் ராஜமுருகன் பழனிக்காரர். ஒருநாள் போர்டைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். “எங்களுக்கு ஒரு மாஸ்டர் வேணும். காலையில ஒரு பேட்ச் எடுத்தாப் போதும். பின்னால குவார்ட்டர்ஸ் இருக்கு, குடும்பத்தோட வந்துரலாம். ஆனா ஒண்ணு. யாராலயும் தொட முடியாத மாஸ்டர்னுதான் விளம்பரம் போடுவோம். இந்த சீசன் முடியட்டும். போர்டு இப்படியே நின்னா, நீங்க எங்காளு.” மனோஜ்குமாருக்கும் அதில் வருத்தமில்லை, மாஸ்டரோடு சேர்த்து ரிசார்ட்டின் மிஷின் ரூமும் அவன் பொறுப்பில் வருவதாகப் பேச்சு.

அன்றிலிருந்து சேனாதிபதிக்கு அந்த ஒரே நினைப்புதான். பஸ் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் யாரும் வந்து குத்த மாட்டார்கள். காலை நீட்டி உட்காரலாம். இதைவிடப் பெரிதாக அவன் எதையும் கேட்கவில்லை.

கம்பு அவன் ஆடலூரில் படித்தது. அங்கே ஆடும்போது கம்பு நுனியில் கரி தடவிக்கொள்வார்கள். யாருக்கு எங்கே பட்டது என்று வேட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கரியைத் தேடிப் பார்க்கிற வரைக்கும் யாரும் விடுவதில்லை. பட்டவனே ‘பட்டுருச்சு’ என்று சொல்லிக் கம்பைத் தாழ்த்த வேண்டும். அதுதான் முறை. பட்டும் சொல்லாமல் ஆடினவன் என்று பேர் வந்துவிட்டால், அவனோடு எதிர்நின்று ஆட ஒருத்தரும் வர மாட்டார்கள்.

போர்டு வைத்தபோது இதை மனோஜ்குமாரிடம் சொல்லிப் பார்த்தான்.

“கரியா? தரையில விரிச்ச மேட்டெல்லாம் பாழாப் போயிரும் மாஸ்டர். ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு போனை வச்சிருவோம். டவுட்டுன்னா ரீப்ளே போட்டுக்கலாம்.”

“பட்டவனுக்குத் தெரியாதா தம்பி? அவனே சொல்லிருவான்ல?”

“கஸ்டமருக்குத் தெரியணும்ல மாஸ்டர்.”

சரி என்று விட்டுவிட்டான். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

சீசனின் கடைசி ஞாயிறு. வெள்ளனே பிடித்த மழை மத்தியானம்வரை விடவில்லை. ஒதுங்க இடமில்லாத கூட்டமெல்லாம் ஜிம்முக்குள் ஏறிவிட்டது. ஈர ஸ்வெட்டர் நாற்றம், கண்ணாடி பூராவும் ஆவி. சாயங்காலம் ராஜமுருகன் வந்து பேச்சை முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சேனாதிபதி முழங்காலில் பட்டையை இறுக்கிக் கட்டி, மேலே ஜிம்மின் கறுப்புப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு நின்றான். வந்தவர்களை வரிசையாகத் தடுத்து அனுப்பினான். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பழனியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அதில் கந்தம்மாள் என்று ஒரு அம்மாள், ஐம்பதைத் தாண்டியவள். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. மருமகன்தான் கிளப்பிவிட்டான். “அத்தே, நீங்க போங்க. வீட்டுல மாமாவை விரட்டுற மாதிரி விரட்டுங்க!” கூட்டம் கைதட்டியது. வேண்டாம் வேண்டாம் என்று சிணுங்கிக்கொண்டே வந்தவள், கம்பு கைக்கு வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“பாத்துங்கம்மா. மெதுவா,” என்றான் சேனாதிபதி.

கட்டிலுக்கு அடியில் எலி அடிப்பதுபோல அடித்தாள் அந்த அம்மாள். மேலே வீசுவது, பக்கத்தில் வீசுவது என்று ஒன்றுமில்லை. குனிந்து தரையோடு தரையாகப் பட், பட்டென்று போட்டாள். கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் ஆடியது. சேனாதிபதிக்கே சிரிப்பு வந்தது. ரெண்டை ஒதுக்கினான். அடுத்ததற்குக் காலைத் தூக்க வேண்டும். முழங்கால் வரமாட்டேன் என்றது. கம்பு தரையில் மோதி எகிறி, கணுக்காலுக்கு மேலே உரசிக்கொண்டு போயிற்று.

ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த அம்மாளே பார்க்கவில்லை. அடுத்த அடிக்கு ஓங்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்றால் பொய். குவார்ட்டர்ஸ், ராஜேஸ்வரி முகம், பஸ் கம்பி எல்லாம் ஒரு கணம் வந்து போயின. ஆனால் வாய் முந்திக்கொண்டது. கம்பைத் தாழ்த்தினான்.

“பட்டுருச்சு.”

கூட்டத்துக்குப் புரியவில்லை. “என்ன மாஸ்டர்?” என்றான் மனோஜ்குமார்.

“பட்டுருச்சு தம்பி. அம்மா என்னையத் தொட்டுருச்சு. காலுல.”

ஓவென்று ஒரே கூச்சல். மருமகன் விசிலடித்தான். மனோஜ்குமார் முகம் ஒரு மாதிரி ஆனது. “இருங்க, இருங்க. ரீப்ளே பாத்துருவோம்,” என்று ரெண்டு போனையும் எடுத்து வந்தான். எல்லாரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு போனில் சேலைத் தலைப்பு மறைத்தது. இன்னொன்றில் கம்பு தரையில் மோதுவது தெரிந்தது. கறுப்புப் பேண்ட்டு, கறுப்பு மேட்டு. வேறொன்றும் தெரியவில்லை.

“தரையிலதான் மாஸ்டர் பட்டிருக்கு.”

“தரையில பட்டு எகிறுச்சு. எங் காலுல பட்டுச்சு.”

“அய்யோ சாமி, நான் தரையத்தான் அடிச்சேன்,” என்றாள் கந்தம்மாள். “இவுக மேல படவே இல்லை. எனக்குத் தெரியாதா?”

சேனாதிபதி பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினான். உரசின இடத்தில் தடமும் இல்லை, சிவப்பும் இல்லை. முழங்கால் பட்டை தெரிந்துவிடப் போகிறதே என்று அவசரமாக இறக்கிவிட்டான். யாரோ ஒருத்தர், “வயசான அம்மாவுக்கு விட்டுக் குடுக்குறாரு பாருய்யா. மனுசன்!” என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கைதட்டலில் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

சேனாதிபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “விட்டுக் குடுக்கலைங்க! நாந்தான சொல்றேன். எங் காலு. எனக்குத் தெரியாதா?”

மனோஜ்குமார் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனான். “மாஸ்டர், உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா ப்ரூஃப் இல்லியே. ப்ரூஃப் இல்லாம நான் எப்படிக் குடுக்குறது? இன்னைக்கு ரிசார்ட்டுக்காரர் வேற வர்றாரு. அந்த அம்மாவுக்கு ஒரு டீஷர்ட் குடுத்துரலாம். விடுங்க.” திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, “நம்ம மாஸ்டருக்கு இன்னொரு தடவை கை தட்டுங்க!” என்றான். தட்டினார்கள். அந்த வீடியோவை அப்போதே ஏற்றியும் விட்டான். ‘தோற்காதவரின் தங்க மனசு’ என்று தலைப்பு.

கந்தம்மாள் கிளம்பும்போது டீஷர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “நீங்க நல்லா இருக்கணும் தம்பி. ஒரு பொம்பளை அத்தனை பேரு முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு எரக்கப்பட்டீங்க பாருங்க. முருகன் உங்களைக் கைவிட மாட்டான்.”

“நெசமாவே பட்டுச்சும்மா,” என்றான்.

“சரி தம்பி, சரி,” என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். எங்கே போய் முட்டிக்கொள்வது! செய்யாத இரக்கத்துக்கு ஆசீர்வாதம். பட்ட அடிக்கு மட்டும் ஆளில்லை.

மழை விட்டு மேகம் இறங்கிய நேரத்தில் ராஜமுருகன் வந்தார். வரும்போதே போனைக் காட்டிச் சிரித்தார். “வீடியோ பாத்தேன். பிரமாதம்.” மனோஜ்குமார் ஓடிப்போய் நாற்காலி போட்டான், ரெண்டு பேருக்கும். காலையிலிருந்து சேனாதிபதி அப்போதுதான் உட்கார்ந்தான். முழங்காலிலிருந்து இடுப்புவரை விண்விண் என்று தெறித்தது.

ராஜமுருகன் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். “அப்ப நெசமாவே சீசன் பூரா ஒருத்தரும் உங்களைத் தொடலை?”

சேனாதிபதி வாயைத் திறந்தான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். மறுபடி போன் வரும். மறுபடி சேலைத் தலைப்பைப் பார்ப்பார்கள். மறுபடி தோளில் கை போட்டு மனசு பெரிசு என்பார்கள். இத்தனை தடவை சொல்லி ஆன மனுசனுக்கு இன்னொரு தடவை சொல்லத் தெம்பு எங்கிருந்து வரும்? அலுப்பு வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

“தொடலைங்க,” என்றான்.

“அதான் பாத்தேன்!” என்று ராஜமுருகன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதற்கு யாரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை. ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துவிட வேண்டியது, குவார்ட்டர்ஸ் சாவியை வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது என்று பேசிக்கொண்டே போனார். சேனாதிபதி தலையை ஆட்டினான். சந்தோசம் வரும் வரும் என்று பார்த்தான், வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ராஜேஸ்வரி போன் அடித்தாள்.

“என்னங்க, ஆச்சா?”

“கெடச்சிருச்சு.”

அவள் அழுதாள். பக்கத்தில் யாரிடமோ, “கெடச்சிருச்சாம், கெடச்சிருச்சாம்,” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “காலையிலருந்து நெஞ்சு பக்குப்பக்குன்னே கெடந்துச்சுங்க. ஒருத்தரும் தொடலைல்ல?”

கேமரா எங்கே என்று கேட்க மாட்டாள். தடம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். அவன் வாயிலிருந்து ‘பட்டுருச்சு’ என்று வந்தால் போதும், அந்த முழங்காலைத் தினமும் பிடித்துவிட்டவள், மறுபேச்சு இல்லாமல் நம்பிவிடுவாள். நம்பிவிட்டு, அப்ப அந்தாளுகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க என்பாள். இந்த மலையில் அவனை நம்புவதற்கு இருந்தது அவள் ஒருத்திதான். அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.

“இல்லை, யாரும் தொடலை,” என்றான் சேனாதிபதி.