நார்மன் லவோய்க்குக் கிடைத்த சீட்டு

எங்கள் ஊரில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது பரம ரகசியம். எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்கினார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். வாய்விட்டுக் கேட்டால்தானே கொடுப்பார்கள்! அதற்காகவே, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் செப்டம்பர் மாதத்து உட்கட்சித் தேர்தலன்று, நகர மண்டபக் கதவை ஒட்டி தேவாலயத்தின் பலகார மேசையைப் போட்டு நான் உட்கார்ந்துவிடுவேன். வசூல் தேவாலயக் கூரைக்கு. காதில் விழுவது எனக்கு.

இந்த வருஷம் நியூ ஹாம்ப்ஷயர் முழுக்க எத்தனையோ போட்டி. எங்களுக்கு ஒன்றுதான் கணக்கு. ஆற்றுப் பாலத்தை மாநில அரசு மூடி நாலு வருஷமாகிறது. "விசாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்று நாலு வருஷமும் சொன்னவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பிரெஸ்காட் விட்கோம். பள்ளிப் பேருந்தைத் தினம் மலையைச் சுற்றி ஓட்டி அலுத்துப்போன ஒடேட் லவோய், அதே ஜனநாயகக் கட்சியில் அவரை எதிர்த்து நின்றுவிட்டாள்.

நிற்கப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்னபோது புருஷன் நார்மன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவன் சாவு வீட்டிலும் சிரிப்பான். ஆனால் அன்றிலிருந்து ஒடேட் அவனிடம் 'உண்டு', 'இல்லை' தவிர வேறு பேசவில்லை. பாவம், பிராயச்சித்தமாக ஊர் முழுக்க அவள் பெயர்ப் பலகையை நட்டான். "பலகை யாரு வேணா நடலாம். ஓட்டுப் போடறயான்னு பாக்கறேன்," என்றாள். அடுத்த வீடு என்பதால் சன்னலை மூடினாலும் எனக்குக் கேட்கும். நான் மூடுவதும் இல்லை.

தேர்தலன்று காலை ஒடேட்டும் விட்கோமும் மண்டபத்துக்கு வெளியே, பிரசாரம் செய்பவர்கள் தாண்டக் கூடாத கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆளுக்கொரு பலகையோடு பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ஒரே குடுவையிலிருந்து காப்பி வேறு. நார்மன் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்தான். வாசலில் நின்று பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினான்.

"வந்துட்டேன் டெல்மா!"

வாக்காளர் பட்டியலை வைத்திருந்த டெல்மா அவனுடைய சித்தி மகள். "பேரு சொல்லுங்க," என்றாள்.

"அடியே, போன வாரம் எங்க வீட்டுல வந்து கோழி தின்னுட்டுப் போனியே, எம்பேரு தெரியாதா?"

"பேரு."

"நார்மன் லவோய். மில் தெரு. ஜனநாயகக் கட்சிச் சீட்டு குடு."

டெல்மா வரிமேல் அளவுகோலை வைத்தாள். "அது உங்களுக்குக் கிடையாது. நீங்க குடியரசுக் கட்சி."

"நானா? பொறந்ததுலேந்து நான் எந்தக் கட்சியும் இல்ல!"

"ஜனவரில ஜனாதிபதி வேட்பாளர் தேர்தலுக்கு அவங்க சீட்டை வாங்குனீங்க. வாங்குன நிமிஷமே அந்தக் கட்சி. ஓட்டுப் போட்டுட்டு அந்தக் கோடியில இருக்கற மேசையில கையெழுத்துப் போட்டாத்தான் பழையபடி கட்சி இல்லாத ஆளு, எந்தச் சீட்டையும் கேக்கலாம். போட்டீங்களா?"

நார்மன் யோசித்தான். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவன் கோடி மேசைப் பக்கமே போகாமல் நேராக என் பலகார மேசைக்கு வந்து, இரண்டு ஆப்பிள் டோனட்டை வாயில் திணித்துக்கொண்டு, உறைந்த ஏரியில் தூண்டில் போட ஓடினான்.

"சரி, இப்ப மாத்திக்குடு."

"அந்தக் கெடு ஜூன்லயே முடிஞ்சுபோச்சு."

இதெல்லாம் வெளியே நன்றாகக் கேட்டது. விட்கோம் மரியாதைக்கு இருமினார். பால் பண்ணைக்காரன் கிளியான் சாயர்தான், "ஒடேட், உன் வீட்டுக்காரரு எதிர்க்கட்சியாமே!" என்றான்.

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் ஒடேட், பலகையைப் பார்த்தபடி.

நார்மன் குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கிக்கொண்டு சாவடிக்குள் போனான். திரைக்குக் கீழே பூட்ஸ் மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அசையவே இல்லை. அழுகிறானோ என்று நான் தட்டைத் துடைக்கிற சாக்கில் எழுந்து எட்டிப் பார்த்தேன். திடீரென்று திரை விலகித் தலை வந்தது.

"டெல்மா, சட்டமன்றத்துக்குன்னு போட்ட எடத்துல பேரே இல்லியே?"

"உங்க கட்சியில யாரும் நிக்கல."

"'உங்க கட்சி'ங்காத. காலிக் கோட்டுல நானே ஒரு பேரை எழுதலாமா?"

"எழுதலாம். பக்கத்து வட்டத்தையும் நிரப்பணும்."

"அடுத்த கட்சியில நிக்கறவங்க பேரா இருந்தா?"

"யாரு பேருன்னாலும் எழுதலாம். ஆனா எங்கிட்ட சொல்லக் கூடாது, ரகசியம்!"

தேர்தல் நடத்துநர் சுத்தியலால் மேசையைத் தட்டினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

வெளியே போகும்போது இரண்டு பேர் அவனைத் தோளைப் பிடித்துக் கோடி மேசைக்குத் தள்ளிப்போய்க் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அவன் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஒடேட்டின் பலகை ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் பட்டைப் பேனாவால் எழுதினான்: 'குடியரசுக் கட்சியாரே, உங்கள் சீட்டில் ஒரு வரி காலி. ஒடேட் என்று எழுதினால் பாலம் வரும்.' அதைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே, ஒடேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றான்.

"பொண்டாட்டிக்குப் பயந்து தெருவுல நிக்கறியாடா?" என்றான் கிளியான்.

"ஆமா, பயந்துதான். உன் பால் வண்டி இன்னும் எத்தன வருஷம் மலையைச் சுத்தணும்? அதச் சொல்லு."

கிளியான் உள்ளே போனான். பிற்பகலில் மழை தூறியது. நார்மன் நகரவில்லை. ஒடேட் அவன் பக்கம் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வாள். ஏழெட்டுத் தடவை பார்த்தாள்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு எண்ணினார்கள். யார் வேண்டுமானாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் மீந்த பிரெட்டோடு முதல் வரிசையில் நின்றேன். ஜனநாயகக் கட்சிச் சீட்டுகளில் மயிரிழையில் ஒடேட் முந்தினாள். விட்கோம் தொப்பியைக் கழற்றி, "பாலத்தைப் பத்தின ஃபைலெல்லாம் என் வீட்டுல இருக்கு, நாளைக்கு எடுத்துக்க," என்று கை கொடுத்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

அடுத்த கட்சிச் சீட்டுகளில் கையால் எழுதிய பெயர்களை நடத்துநர் உரக்க வாசித்தார். வழக்கம்போல் ஒருவர் தன் பெயரையே எழுதியிருந்தார். இன்னொருவர் தன் நாயின் பெயரை.

"ஒடேட் லவோய்."

எல்லோரும் நார்மனைப் பார்த்தோம்.

"ஒடேட் லவோய்," என்றார் மறுபடி. இப்போது கிளியானைப் பார்த்தோம். அவன் தன் செருப்பைப் பார்த்தான். அப்புறம் யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. நடத்துநர் வாசித்துக்கொண்டே போனார். நடுவில் தண்ணீர் குடித்தார். நாய்க்கு அந்த ஒரு ஓட்டோடு சரி. கடைசியில், "நவம்பர் பொதுத் தேர்தல்ல ரெண்டு கட்சிக்கும் ஒரே வேட்பாளருதான்," என்றார்.

ஒடேட் நேரே நார்மனிடம் போனாள். அவன் சட்டை இன்னும் காயவில்லை.

"அதுல உன்னோடது எது?"

"ரகசியம்."

"அன்னிக்கு ஏன் சிரிச்ச?"

"தெரியல. தப்பு."

அவள் அவன் கையிலிருந்த பலகையை வாங்கி, ஈரத்தைத் துடைத்து, திருப்பி அவனிடமே கொடுத்தாள். "நவம்பர் வரைக்கும் பத்திரமா வை. நாளைக்குக் காலைல என்கூட பாலத்துக்கு வர்றே. நெறைய பேசணும்."

"உண்டு," என்றான் நார்மன்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன்.